அக்காவைத் தூக்கிய விதம்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்காவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி அண்ணன் என்னிடம் கேட்டார். "நல்லபடியா எழுதுலே, நாலு பேர் வீட்டுல இருக்கப்போற பொஸ்தகம்" என்றார். கடைசிப் பத்தியை அவரே சொல்லவும் செய்தார்: எதிர்பாராத விதமாகத் தவறி விழுந்து, படுத்த படுக்கையாகி, இறைவனடி சேர்ந்தார். அந்த வாக்கியத்தை நான்கைந்து முறை எழுதிப் பார்த்தேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. அக்கா விழுந்தது உண்மைதான். விழுந்த பிறகு நடந்ததை விட்டுவிட்டு எழுதுவதென்றால் அட்டையில் இருக்கும் புகைப்படமே போதும், கட்டுரை எதற்கு? ஆகவே நடந்ததை எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு யாருக்காவது கோபம் வந்தால் வரட்டும். அன்றைக்குத் தூக்கிய நான்கு பேரில் நானும் ஒருவன் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்கா ராஜபாளையத்தில், பஞ்சாலைக்குப் பின்புறத் தெருவில் இருக்கும் எங்கள் வீட்டில் பிறந்தார். எங்களில் மூத்தவர். மூன்று வருடம் கழித்து அண்ணன், அதற்குப் பிறகு வெகுகாலம் கழித்து நான். நான் பால்குடி மறப்பதற்குள் அம்மா போய்விட்டார். என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தது அக்காதான். அப்பா ஆலையில் ஷிப்டு வேலை பார்த்தார். அக்கா எட்டாம் வகுப்போடு நின்றுகொண்டார். நாங்கள் இருவரும் மேலே படித்தோம். குடும்பத்தில் இதை எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள், அக்கா நிறுத்தப்பட்டதை அல்ல, நாங்கள் படித்ததை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பாவுக்குப் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. வாரம் ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வாடகைக் காரில் கூட்டிப் போவோம். அப்பாவைக் காரிலிருந்து இறக்குவதென்றால் அண்ணன் ஒரு கையைப் பிடித்து இழுப்பார், அக்கா பின்னாலிருந்து தள்ளுவார். ஒருநாள் அங்கே வேலை பார்த்த ரோஸி சிஸ்டர் இதைப் பார்த்துவிட்டார். வாசலிலேயே சத்தம் போட்டார்.

"ஏய்யா, அது கையா, கெணத்துக் கயிறா? அவருக்கு அந்தக் கை அசையாதே தவிர வலிக்காதுன்னு யாரு சொன்னா? சொல்ல வாய் வரல, அம்புட்டுதான்."

அண்ணன் அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. ஒரு நர்ஸ் தன்னை நாலு பேர் முன்னால் பேசிவிட்டதாக அவருக்கு வருத்தம். அக்கா மட்டும் அடுத்த வாரம் போய், "எப்படித் தூக்கணும்னு சொல்லிக் குடுங்க சிஸ்டர்" என்று கேட்டார். அப்பா அதற்குப் பிறகு ஒரு வருடம் கூட இருக்கவில்லை. ஆனால் அந்தச் சில மாதங்களில் அவரை யாரும் இழுக்கவில்லை.

அப்போதுதான் ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நோயாளிகளை வீட்டிலிருந்து கூட்டி வரவும் கொண்டுபோய் விடவும் ஒரு வேன் வாங்கினார்கள். உயிருக்குப் போராடுகிறவர்களுக்கான வண்டி அல்ல அது. கட்டுப் போட்டவர்கள், ஆபரேஷன் முடிந்து வீடு திரும்புகிறவர்கள், புற்றுநோய்க்காக மதுரைக்குக் கரண்டு வைத்தியத்துக்குப் போய்வருகிறவர்கள், இடுப்பு ஒடிந்த வயதானவர்கள், இவர்களுக்கான வண்டி. அதற்குச் சங்கு, அதாவது சைரன், கிடையாது. பெண் நோயாளிகளைத் தொட்டுத் தூக்க ஒரு பெண் வேண்டுமென்று தேடினார்கள். ரோஸி சிஸ்டர் அக்காவைச் சொன்னார். சொன்னதோடு விடாமல், ஒரு மாதம் தன்னிடம் பழகிவிட்டுத்தான் வேலையில் சேர வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

அந்தப் பழக்கத்தைப் பற்றி வேன் ஓட்டிய காதர் அண்ணன் இன்றைக்கும் சொல்வார். முதல் நாள் சிஸ்டர் ஒன்றுமே கற்றுத் தரவில்லையாம். அக்காவைப் பலகையில் படுக்கச் சொல்லி, வாரால் கட்டி, கண்ணைப் பேண்டேஜ் துணியால் மூடி, வேனில் ஏற்றி, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போய்த் திரும்பி வரச் சொல்லிவிட்டார். இறங்கும்போது அக்கா வாந்தி எடுத்தாராம்.

"என்னட்டி தெரிஞ்சது?" என்று சிஸ்டர் கேட்டிருக்கிறார்.

"எங்க போறோம்னு தெரியாம போறது பயமா இருக்கு சிஸ்டர். வண்டி எந்தப் பக்கம் திரும்புதுன்னு ஒருத்தர் சொன்னாத் தேவலை. பொறவு, காதர் அண்ணன் பிரேக் போட்டா என் தலை கழுத்துக்குள்ள போவுது."

காதர் அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. பதினைந்து வருடம் லாரி ஓட்டியவர். மறுநாள் அவரையும் சிஸ்டர் பலகையில் கட்டிவிட்டார். வேறொரு டிரைவர் ஓட்ட, கிருஷ்ணன்கோவில் வரை போய் வந்தார். "அன்னைக்குத்தான் தம்பி எனக்கு வண்டி ஓட்டவே தெரிஞ்சது" என்று அவர் சொல்லும்போது நாங்கள் சிரிப்போம். அக்கா சிரிக்கமாட்டார்.

அதன் பிறகு படிப்படியாகக் கற்றுக்கொண்டார். தொடுவதற்கு முன்னால் பேச வேண்டும். நான் இன்னார், உங்களை இன்ன இடத்துக்குக் கூட்டிப் போகிறேன், இப்போது இடப்பக்கமாகச் சரிக்கப் போகிறேன் என்று சொல்ல வேண்டும். ஆளை எடுக்கக் கூடாது, ஆளுக்குக் கீழே இருக்கிற போர்வையை எடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டும், மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். விழுந்து கிடப்பவரைப் பலகை வராமல் அசைக்கவே கூடாது. அக்கா இதை எல்லா வீட்டிலும் சொல்வார். சொல்லும்போது முதலில் வருகிற வார்த்தை ஒன்றுதான்: "அவசரமில்ல."

பதினைந்து வருடத்துக்கு மேல் அந்த வேனில் போனார். ராஜபாளையத்துக்கும் மதுரைக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு பாலத்தையும் பள்ளத்தையும் அவர் முதுகு அறிந்திருந்தது. உள்ளே படுத்திருப்பவரிடம், "இப்ப ஒரு குலுக்கு வரும், பல்லக் கடிச்சுக்கங்க, ஆச்சு, முடிஞ்சது" என்று சொல்லிக்கொண்டே வருவார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, இதைப் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். உயிரோடு இருப்பவரை வீட்டிலிருந்து தூக்கிப் போனால் தலை முன்னே போக வேண்டும். கால் முன்னே போவது பிணம். எத்தனை இடுக்கான வீடாக இருந்தாலும் வாசல் தாண்டும் முன் பலகையைத் திருப்பச் சொல்வார்கள். அக்கா மறுத்துப் பேசமாட்டார். பலகை இருந்தால் எந்தப் பக்கமும் திருப்பலாம், ஆள் மடங்கக் கூடாது, அவ்வளவுதான் என்பார். திருப்பவே முடியாத வீடும் வரும். கூமாப்பட்டியில் தென்னையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த ஒரு விவசாயியின் வீடு அப்படிப்பட்டது. இரண்டு பக்கமும் நெல் குதிர், நடுவில் ஓர் ஆள் போகிற வழி. அவருடைய பிள்ளைகள் கால் முன்னே போக விடமாட்டோம் என்று நின்றார்கள். அக்கா அவர்களிடம் சொன்னாராம்:

"உங்கய்யா திரும்பி வரத்தான் போறாக. கால் முன்ன போனா, அந்தக் கால் முன்ன நடந்து வீட்டுக்குள்ள வரும். திருப்பி மடக்குனீங்கன்னா நான் சொல்ல முடியாது."

நேராகக் கொண்டுபோனார்கள். அவர் ஒரு தையில் கம்பு ஊன்றி நடந்து வந்து, எங்கள் வீட்டு வாசலில் தேங்காய் மூட்டையை இறக்கினார். நானே பார்த்தேன். அண்ணனும் பார்த்தார். இதை மறக்க வேண்டாம், பின்னால் வரும்.

இனி எங்கள் குடும்பத்தைப் பற்றி எழுத வேண்டும். கண்டவரையும் தொட்டுத் தூக்குகிறவள் என்று அக்காவுக்கு ஒரு பெயர் வைத்திருந்தோம். 'சங்கில்லாத வண்டி' என்றும் ஒரு பட்டப்பெயர் உண்டு, அதை வைத்த உறவினர் இந்த மலரை நிச்சயம் வாங்குவார். சுந்தரபாண்டியத்திலிருந்து ஒரு வரன் வந்தது. காபி குடித்து முடித்ததும் மாப்பிள்ளையின் தாயார், "ஆம்பளையாளுகளையும் தூக்குவியாம்மா?" என்று கேட்டார். "ஒடம்பு முடியாதவுகளத் தூக்குவேன்" என்றார் அக்கா. வந்தவர்கள் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை, நாங்களும் தேடவில்லை. அண்ணனுக்குக் கல்யாணம் ஆயிற்று, எனக்கும் ஆயிற்று. அக்கா வேலை முடிந்து வந்தால் பின்கட்டில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. அதைப் போட்டது அண்ணன் மனைவியான மதினி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். போட்டது அண்ணன். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

அதே சமயம், யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அக்காவைத்தான் கூப்பிடுவோம். சித்தப்பாவுக்குக் கண்புரை எடுத்தபோது மதுரைக்குப் பத்துத் தடவை கூட்டிப் போய் வந்தவர் அக்கா. அந்தச் சித்தப்பாதான் அக்கா விழுந்த அன்றைக்கு எங்கள் வீட்டு நடையில் நின்றார்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் அண்ணன் மகளுக்குச் சடங்கு வைத்தோம். சொந்த அத்தை முன்னால் நின்று தண்ணீர் ஊற்ற வேண்டிய சடங்கு. கல்யாணம் ஆகாதவர் என்ற காரணத்தால் அக்காவை அதற்குக் கூப்பிடவில்லை. அடுப்படி மேற்பார்வை கொடுத்தோம். காலையில் பாயசத்துக்குப் பெரிய அண்டா வேண்டும் என்று சமையல்காரர் கேட்க, அக்கா பின்முற்றத்தை ஒட்டிய பரணில் ஏணி வைத்து ஏறினார். அண்டாவோடு சேர்ந்து ஏணி சாய்ந்தது. பின்முற்றத்தில், சடங்குக்குக் கோலம் போட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில், மல்லாந்து விழுந்தார்.

அக்காவுக்கு நினைவு தப்பவில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். கண்ணைத் திறந்துகொண்டு, ஒரு விரலைக்கூட அசைக்காமல், தெளிவாகப் பேசினார்.

"யாரும் தொடாதீங்க. கால் வெரல் அசையுது, பாருங்க. காதர் அண்ணனுக்குச் சொல்லி விடுங்க, பலகையோட வரட்டும். அவசரமில்ல."

வேன் நிற்கிற ஷெட் எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி. பத்து நிமிடத்தில் வந்திருக்கும். ஆனால் மேளச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதினியின் அண்ணன், பிள்ளையின் தாய்மாமன், சீர்வரிசையோடு தெருமுனைக்கு வந்துவிட்டார். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"சீர் வந்துருச்சு. சடங்கு கழிக்கிற எடத்துல இப்படிக் கெடந்தா என்னலே செய்யிறது? ஆஸ்பத்திரி வண்டி வேற வாசல்ல வந்து நிக்கணுமா? நம்ம காருல போட்டு உடனே கொண்டு போவோம். ஆளுக்கு ஒரு பக்கம் புடிங்க!"

அதில் அக்கறையும் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அக்கறை எவ்வளவு, அவமானம் எவ்வளவு என்று அவரும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. அண்ணனும் ஓர் உறவினரும் கால் பக்கம் பிடித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இடுப்புக்குக் கீழே கை கொடுத்தார். நான் தோள் பக்கம் பிடித்தேன், அக்குளுக்குள் கை விட்டு.

"ஏலே சின்னவனே, நீயாவது கேளுலே" என்றார் அக்கா. அவர் முகம் என் முகத்துக்கு நேர் கீழே இருந்தது. நான் தூக்கினேன்.

பின்முற்றத்திலிருந்து வாசலுக்கு வரும் நடை எப்படிப்பட்டது என்று எங்கள் வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தெரியும். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அவசரத்தில் கால் பக்கம் பிடித்திருந்தவர்கள் முன்னால் நுழைந்துவிட்டார்கள். பாதி நடை வந்ததும் எதிரே நின்ற சித்தப்பா கையை விரித்து வழியை மறித்தார்.

"கால் முன்ன வருதுலே! நல்ல நாளும் அதுவுமா! திருப்புங்கலே, திருப்புங்க!"

"திருப்பாதீங்க" என்றார் அக்கா. "நேராப் போங்க. கால் முன்ன போனா ஒண்ணும் ஆவாது, நேராப் போங்க."

கூமாப்பட்டிக்காரர் நடந்து வந்ததைப் பார்த்த நாங்கள்தான் அங்கே இருந்தோம். ஆனாலும் திருப்பினோம். பலகை இல்லை, ஆகவே ஆளைத் திருப்பினோம். அந்த நடையில் ஓர் ஆள் நீளவாக்கில் திரும்ப முடியாது. அக்கா இடுப்பில் மடங்கினார். அவர் வாயிலிருந்து ஒரு சின்ன சத்தம் வந்தது, கத்தல் அல்ல. கதவு கீச்சிடுவது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். பிறகு தலை முன்னே, வழக்கம் தவறாமல், வாசல் தாண்டினோம். சீர்த்தட்டுகள் எங்களைக் கடந்து உள்ளே போயின.

காரின் பின்சீட்டில் படுக்க வைத்தபோது அக்கா தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "வெரல் அசையுதாலே? பாரு" என்றார். பார்த்தேன். அசையவில்லை. "அசையுதுக்கா" என்று பொய் சொன்னேன்.

மதுரையில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் தனியே கூப்பிட்டு, விழுந்ததில் எலும்பு உடைந்திருக்கிறது, தண்டுவடம் நசுங்கியது அதற்குப் பிறகாக இருக்கலாம், எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். அண்ணன், "கார்லதான் சார்" என்றார். வெளியே வந்ததும் இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். இதுநாள் வரை நான் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை. பார்க்க வந்த எல்லோரிடமும், "பரண்லேருந்து விழுந்துட்டேன்" என்று மட்டும்தான் சொன்னார். அந்தப் பெருந்தன்மையை இந்த மலரில் பாராட்டி எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். என்னால் முடியவில்லை. ஒரு தடவையாவது எங்களைத் திட்டியிருக்கலாம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு மழைக்காலம் இருந்தார். படுக்கைப் புண்ணுக்குக் கட்டு மாற்ற வாரந்தோறும் ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டும். முதல் வாரம் காதர் அண்ணன் வேனோடு வந்து, உள்ளே வந்து, எங்களைப் பார்த்துச் சொன்னார்: "தங்கச்சி சொல்லிக் குடுக்காம ஒருத்தரும் அவளத் தொடக் கூடாது." இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் படுத்திருந்த அக்கா, தன்னைத் தூக்குவது எப்படி என்று எங்களுக்குப் பாடம் நடத்தினார்.

"மொதல்ல ஒருத்தர் பலகையில படுங்க. படுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

யாரும் படுக்கவில்லை. அண்ணன் தன் கடையைத் திறக்க நேரமாகிறது என்றார். கடைசியில் மதினிதான் தலைமுடியை முடிந்துகொண்டு படுத்தார். அவரை நாங்கள் தூக்கி, நடை வழியாக வேன் வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டு வந்தோம். இறக்கியதும் மதினி எழுந்திருக்கவில்லை. பலகையிலேயே படுத்து அழுதார். "இப்படியா அண்ணி இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து அக்காவைக் குளிப்பாட்டிவிட்டு ஈரச்சேலையோடு மதினி வீட்டுக்குள்தான் நடமாடினார். பின்கட்டுச் சட்டம் யாரும் சொல்லாமலே ஒழிந்தது.

நாங்களும் கற்றுக்கொண்டோம். தொடும் முன் பேசினோம், போர்வையைப் பிடித்துத் தூக்கினோம். ஒருவர் எண்ணினால் மற்றவர் வாய் திறக்கவில்லை. "எம்புட்டு அழகாத் தூக்குதீங்க" என்று ஒருநாள் அக்கா சொன்னார். அதைப் பாராட்டாகச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கடைசியில் சிறுநீரகம் கெட்டது. மதுரைக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்றார். ஒரு விடிகாலையில், மதினி நெற்றியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர். ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்த காதர் அண்ணனுக்கு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் வார நடுவில் தானே வீட்டுக்கு வந்து கட்டு மாற்றி, எங்களைத் தொடர்ந்து திட்டிய ரோஸி சிஸ்டருக்கு. அக்காவின் அளவுக்கே வேப்பம்பலகை இழைத்துக் கொண்டுவந்து கொடுத்த கூமாப்பட்டிக்காரருக்கும் அவர் பிள்ளைகளுக்கும். அக்காவால் தூக்கப்பட்டு, முகவரி தேடி வந்து, அடையாளம் சொல்லி அழுதுவிட்டுப் போனவர்களுக்கு. மதினிக்கு. எங்கள் குடும்பத்தின் ஆண்களுக்கு நன்றி சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

இறுதி நாளில் உடன் நின்று தூக்கியவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். காதர் அண்ணன் எண்ணினார். ஒருவரும் பேசவில்லை. பின்முற்றத்திலிருந்து அதே நடை வழியாக, முறைப்படி கால் முன்னே, அக்காவை வேப்பம்பலகையில் கொண்டுவந்தோம். சித்தப்பா சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார். பலகை எங்கும் இடிக்கவில்லை, எங்கும் திருப்ப வேண்டியிருக்கவில்லை. நேராக வாசலுக்கு வந்துவிட்டது.